காலையில் ஆந்திரா, சாயங்காலம் மெட்ராஸ்

தம்பி, என் மருமகள் சரோஜா எனக்கு எழுதிவிட்டாள். அதற்காக அவள் மேல் எரிந்து விழாதே. பெங்களூரில் நீ வேலை செய்கிற இடத்து டாக்டர் உன்னைப் பார்த்தாராம், ரத்தக் கொதிப்பு ஏறிக் கிடக்கிறதாம், இதயம் கொஞ்சம் வீங்கியிருக்கிற மாதிரி தெரிகிறதாம், மாத்திரை எழுதிக் கொடுத்தாராம். நீ அந்தச் சீட்டைச் சட்டைப் பையிலேயே விட்டு, அது துணியோடு துணியாய் வெளுத்துப் போனதாம். வேறு சீட்டு வாங்கி வரலாம் என்று அவள் சொன்னதற்கு நீ சொன்ன பதிலை அப்படியே எழுதியிருக்கிறாள். "எங்கம்மாவ கொன்னதே மாத்திரைதான். அத என் வாயிலயும் போட்டுக்கச் சொல்றியா?" கடைசியில், "மாமா, நீங்க ஒரு வார்த்தை சொன்னா அவரு கேட்பாரு" என்று முடித்திருக்கிறாள். பாவம், மாத்திரை கொன்றது என்ற அந்த வார்த்தையை உன் வாயில் போட்டதே நான்தான் என்று அவளுக்குத் தெரியாது. அது என் பொய். சித்தூர் ஹாஸ்டலிலிருந்து நீ அழுதுகொண்டு வந்து நின்ற அன்றைக்கு நான் சொன்னது. இத்தனை வருஷம் அதைத் திருத்தாமல் விட்டுவிட்டேன். இப்போது அது உன் உயிருக்கே வந்து நிற்கிறது. அதனால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். ஓடுகிற பஸ்ஸில் நின்றபடி எழுதிப் பழகின கை, எழுத்து கோணலாக இருக்கும். பொறுமையாகப் படி.

நான் திருப்பதிக்கும் திருத்தணிக்கும் நடுவே பிரைவேட் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தது உனக்குத் தெரியும். ஆந்திராவுக்கும் மெட்ராஸ் ராஜ்யத்துக்கும் எல்லைத் தகராறு நடந்த நாளில் நான் எப்படி இருந்தேன் என்பது உனக்கு அரைகுறையாகத்தான் ஞாபகம் இருக்கும். கொடி பிடித்தேன், கத்திக் கத்தித் தொண்டை கட்டிக்கொண்டு டிக்கெட் கேட்க முடியாமல் சைகை காட்டினேன். கடைசியில் திருத்தணி மெட்ராஸ் பக்கம் போனது, சத்தியவேடு ஆந்திராவுக்கு வந்தது, நம் நகரி ஆந்திராவிலேயே நின்றது. எனக்கு ஆறவே இல்லை. நாளெல்லாம் பஸ்ஸில் தெலுங்கு பேசிப் பிழைத்தவன், வீட்டுக்கு வந்தால் தெலுங்கு வார்த்தை காதில் விழக்கூடாது என்று உங்கம்மாவிடம் சட்டம் பேசினேன். அவள், "சந்தையில உப்பு புளி வாங்குறவ நானு. உங்க சட்டத்த வெச்சிக்கினு நீங்களே போய் வாங்கிக்கினு வாங்க" என்பாள். ஊருக்கெல்லாம் வீரம் பேசினவனை அவள் ஒரே பேச்சில் உட்கார வைத்துவிடுவாள்.

அவளுக்கு அந்த வருஷம்தான் மூச்சு வாங்க ஆரம்பித்தது. தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்தால் நாலு எட்டில் நின்றுவிடுவாள். கால் வீங்கியது, மெட்டி இறுகியது. திருப்பதி பெரிய ஆஸ்பத்திரிக்கு என் பஸ்ஸிலேயே கூட்டிப் போனேன். அங்கே இருந்தவர் தெலுங்கு டாக்டர். மெதுவாகப் பேசுகிற மனுஷர். ரத்தக் கொதிப்பு ரொம்ப நாளாகக் கவனிக்காமல் கிடந்து இதயத்தைக் களைக்க வைத்துவிட்டது என்று சொல்லி, உப்பைக் குறைக்கச் சொன்னார், தினம் காலையில் போட ஒரு வெள்ளை மாத்திரை எழுதினார். அதோடு விடவில்லை. இது நல்ல மருந்து, ஆனால் அளவு கூடினால் விஷம், சாப்பாடு பிடிக்காமல் போனாலோ, வாந்தி வந்தாலோ, கண்ணுக்கு நிறம் மாறித் தெரிந்தாலோ உடனே கூட்டி வா என்று என் முகத்தைப் பார்த்துச் சொன்னார். நான் தலையை ஆட்டினேன். காதைக் கொடுக்கவில்லை. அவர் பேசின தெலுங்கு எனக்குப் புரியாமல் இல்லை, என்னைவிட நன்றாக யாருக்குப் புரியும்? இவனிடம் கைகட்டி நிற்க வேண்டி வந்ததே என்று உள்ளே பொருமிக்கொண்டிருந்தேன். வைத்தியம் சொல்கிறவர் முன்னால் நின்றுகொண்டு மனதில் எல்லைக்கோடு போட்டுக்கொண்டிருந்த ஆள் நான்.

மாத்திரை வேலை செய்தது, தம்பி. இதை நீ மறக்கக்கூடாது. கால் வீக்கம் வடிந்தது. அவள் பழையபடி குடம் தூக்கினாள். அதோடு நான் நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். ஆனால் பஸ் ஸ்டாண்ட் டீக்கடையில் முனிரத்தினம் விடவில்லை. போராட்டத்தில் என் தோளோடு தோள் நின்றவன், உனக்கும் தெரியும். "இன்னாப்பா, மேடையில தமிழு தமிழுன்னு கத்திட்டு, பொண்டாட்டிக்கு தெலுங்கு டாக்டரா? நம்ம ஆளு ஒருத்தன் கெடைக்கலியா உனுக்கு?" என்று நாலு பேர் நடுவில் கேட்டான். எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. அடுத்த வாரமே உங்கம்மாவைத் திருத்தணியில் இருந்த தமிழ் டாக்டரிடம் கூட்டிப் போனேன். அவர் அவளைச் சோதித்துவிட்டு, "ஏற்கெனவே எங்கியாச்சும் காட்டினீங்களா? வேற மாத்திரை எதுனா துன்றாங்களா?" என்று கேட்டார். உங்கம்மா வாயைத் திறந்தாள். நான் முந்திக்கொண்டு, "இல்லீங்க சார், மொத மொத உங்ககிட்டதான் வரோம்" என்றேன். வேறு டாக்டரிடம் போய் வந்தது தெரிந்தால் கோபித்துக்கொள்வாரோ என்ற பயம் கொஞ்சம், தெலுங்கு டாக்டரிடம் போனேன் என்று சொல்ல வெட்கம் மிச்சம். அவர் நம்பி ஒரு மாத்திரை எழுதினார். டப்பா வேறு, பெயர் வேறு.

வெளியே வந்ததும் உங்கம்மா கேட்டாள், "அப்போ அந்த வெள்ளை மாத்திரைய இன்னா பண்றது? அதாலதான எழுந்து நடக்கறேன்?" அவளுக்குத் திருப்பதி டாக்டர் மேல் நம்பிக்கை. எனக்குத் திருத்தணி. பஞ்சாயத்து நடுத்தெருவிலேயே முடிந்தது. காலையில் அது, சாயங்காலம் இது. ரெண்டு டாக்டர் மருந்தும் உடம்பில் சேர்ந்தால் ரெட்டைப் பலம்தானே என்று நானே சமாதானம் சொன்னேன். அவள் சிரித்துக்கொண்டே, "காலையில ஆந்திரா, சாயங்காலம் மெட்ராஸ். உங்க சண்டைய என் வயித்துல கொண்டாந்து தீத்து வெச்சிட்டீங்க" என்றாள். அன்றிலிருந்து வீட்டில் அதுதான் பேர். "ஆந்திராவ துன்னியா?" என்று காலையில் நான் கேட்பேன். "மெட்ராஸ் எடுத்துக்கினு வாங்க" என்று சாயங்காலம் அவள் கேட்பாள். லீவுக்கு நீ வந்தபோது நீயும் அதைச் சொல்லிச் சிரித்தாயே, ஞாபகம் இருக்கிறதா? நீ மறந்திருந்தால் நல்லது. நான் மறக்கவில்லை.

கொஞ்ச நாளில் அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. வாயில் வைத்ததைத் தட்டிலேயே துப்பினாள். வெயில் காலம், பித்தம் என்று நினைத்தேன். ஒரு மத்தியானம் சோற்றைப் பிசைந்தவள் நிறுத்திவிட்டு, "இன்னாங்க, சோத்துல நான் மஞ்சப்பொடி கொட்டிட்டேனா? மஞ்சமஞ்சேல்னு கீதே" என்றாள். சோறு மல்லிப்பூ மாதிரி வெள்ளையாக இருந்தது. சுவரும் மஞ்சளாகத் தெரிகிறது, என் வேட்டியும் மஞ்சளாகத் தெரிகிறது என்றாள். நம் பக்கத்தில் எல்லாம் மஞ்சளாகத் தெரிந்தால் என்ன நினைப்போம்? காமாலை. சாப்பாடு பிடிக்கவில்லை, வாந்தி, கண்ணில் மஞ்சள், இதைவிட வேறென்ன அடையாளம் வேண்டும் என்று நான் முடிவே கட்டிவிட்டேன். அவள் கண்ணைப் பிரித்துப் பார்த்தேன், வெள்ளையாகத்தான் இருந்தது. இப்போதுதான் ஆரம்பம் போலிருக்கிறது என்று அதற்கும் ஒரு காரணம் கண்டுபிடித்தேன். கண்ணுக்கு நிறம் மாறித் தெரிந்தால் உடனே கூட்டி வா என்று திருப்பதி டாக்டர் சொன்னது அப்போது எனக்கு நினைவுக்கு வரவில்லை. கேட்டிருந்தால் அல்லவா நினைவுக்கு வர?

புத்தூருக்கு உள்ளே ஒரு கிராமத்தில் காமாலைக்குப் பச்சிலை கொடுக்கிறவர் இருந்தார். கீழாநெல்லியை அரைத்து மோரில் கலக்கி விடியற்காலையில் கொடுத்தார். உப்பு கூடாது, எண்ணெய் கூடாது, பத்தியம் முடிகிற வரைக்கும் இங்கிலீஷ் மருந்தைத் தொடக்கூடாது என்றார். ரெண்டு மாத்திரையையும் நிறுத்தினோம். நாலைந்து நாளில் அவள் முகம் தெளிந்தது. வாந்தி நின்றது. "சோறு வெள்ளையா தெரியுதுங்க" என்று சொல்லி ஒரு கவளம் கூடவே சாப்பிட்டாள். நான் பச்சிலைக்காரருக்குத் தேங்காய் பழம் வைத்துக் கும்பிட்டுவிட்டு வந்தேன். மாத்திரை நின்றதால்தான் அவள் தேறினாள் என்பது என் புத்திக்கு எட்டவில்லை. உண்மை அந்த வீட்டுக்குள்ளேயே வந்து உட்கார்ந்து அவளோடு சோறு தின்றது. நான் அதைப் பார்த்துப் பச்சிலை என்று பேர் வைத்துவிட்டேன்.

இதற்கு மேல் எழுதத்தான் கை வரவில்லை. ஆனாலும் எழுதுகிறேன். பத்தியம் முடிந்ததும் அவளுக்கு மறுபடி லேசாக மூச்சு வாங்கியது. எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. இத்தனை நாள் மாத்திரை விட்டுப்போயிற்றே என்று நினைத்தேன். கண்டக்டர் புத்தி. டிக்கெட் விட்டுப்போனால் சாயங்காலத்துக்குள் எப்படியாவது ஈடுகட்டிப் பழகினவன். மாத்திரையையும் அப்படியே ஈடுகட்டப் பார்த்தேன். காலையில் ஆந்திராவை ரெண்டாகக் கொடுத்தேன், சாயங்காலம் மெட்ராஸை ரெண்டாகக் கொடுத்தேன். "இவ்ளோ எதுக்குங்க?" என்றாள். "உட்டத சேத்துப் போட்டாதான் உடம்பு புடிக்கும்" என்றேன். யார் சொன்னார்கள்? யாரும் சொல்லவில்லை. நானே சொல்லி நானே நம்பினேன். அவள் என்னை நம்பினாள். என் உள்ளங்கையிலிருந்து எடுத்துத்தான் போட்டுக்கொண்டாள்.

பிறகு ஒரு காலையில் வாந்தி நிற்கவில்லை. எழுந்தவள் கண் இருட்டிச் சரிந்தாள். என் பஸ் திருத்தணி பக்கம் கிளம்பி நின்றது. பின்சீட்டைக் காலி செய்து அவளைப் படுக்க வைத்தேன். நடுவில் ஏறினவர்களிடம் நான் டிக்கெட் கேட்கவில்லை. திருத்தணி டாக்டர் நாடியைப் பிடித்துப் பார்த்தார். பிடித்த கையை எடுக்கவே இல்லை. "நாடி ஏன்யா இவ்ளோ மெதுவா ஓடுது? எத்தினி மாத்திரை குடுத்த?" என்றார். நான் பையிலிருந்து ரெண்டு டப்பாவையும் எடுத்து மேஜை மேல் வைத்தேன். அவர் ஒன்றைப் பார்த்தார், மற்றதைப் பார்த்தார். ரெண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் திருப்பிச் சின்ன எழுத்தைப் படித்தார். "ரெண்டும் ஒரே மருந்துயா. செய்ற கம்பெனி வேற, பேரு வேற, அவ்ளோதான். மொத நாளு கேட்டேனே, வேற மாத்திரை இருக்கான்னு கேட்டேனா இல்லியா?" என்றார். கேட்டார், தம்பி. அவரும் கேட்டார், திருப்பதி டாக்டரும் எச்சரித்தார். ரெண்டு பக்கத்திலும் குறை இல்லை. நடுவில் நின்றவன்தான் ரெண்டு பேருக்கும் ஒருவரை ஒருவர் தெரியாமல் பார்த்துக்கொண்டான். தன்னால் ஆனதையெல்லாம் அவர் செய்தார். சாயங்காலம் அவள் போய்விட்டாள். போகிறதற்கு முன்னால் என்னிடம், "மெட்ராஸ் போட்டுக்கற நேரமாச்சாங்க?" என்று கேட்டாள்.

நீ மறுநாள் வந்தாய். அதற்குள் முனிரத்தினமும் மற்றவர்களும் வாசலில் நின்று, "தெலுங்கு டாக்டரு இன்னாத்தையோ குடுத்து கொன்னுட்டான்" என்று பேசிக்கொண்டிருந்தார்கள். நான் மறுக்கவில்லை. நீ என் கையைப் பிடித்துக்கொண்டு, "நைனா, அம்மாவுக்கு இன்னா ஆச்சு?" என்றாய். உன் முகம் அவள் முகம் மாதிரியே இருந்தது. நான்தான் கொடுத்தேன் என்று சொன்னால் அந்தக் கையை நீ விட்டுவிடுவாய் என்று பயந்தேன். "திருப்பதி மாத்திரைதான்டா உங்கம்மாவ கொண்டு போயிடுச்சு" என்றேன். நீ என்னைக் கட்டிக்கொண்டு அழுதாய். அந்த அணைப்பு எனக்குச் சேர வேண்டியதில்லை, பொய் சொல்லி வாங்கியது. அன்றைக்கு நான் உண்மையைச் சொல்லி நீ என்னை அடித்திருந்தால்கூட இன்றைக்கு மாத்திரைச் சீட்டை வெளுக்கப் போட்டிருக்க மாட்டாய்.

இதைவிடக் கேவலமான ஒன்று இருக்கிறது. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. சில மாதம் கழித்து ஒரு நாள் ரேணிகுண்டாவில் அந்தத் திருப்பதி டாக்டர் என் பஸ்ஸில் ஏறினார். ஜன்னல் ஓரம் உட்கார்ந்தார். டிக்கெட் கிழிக்கும்போது என்னை அடையாளம் கண்டுகொண்டு சிரித்தார். "மீ ஆவிட எட்லா உந்தி?" என்றார். உன் வீட்டம்மா எப்படி இருக்கிறாள் என்று கேட்டார். ஒரு பஸ் கண்டக்டரின் பெண்டாட்டியை ஞாபகம் வைத்துக்கொண்டு கேட்டார். நான், "பாகுந்தி சார்" என்றேன். நன்றாக இருக்கிறாள் என்று சொன்னேன். செத்தாள் என்று சொன்னால் எப்படி என்று கேட்பார், என்ன கொடுத்தாய் என்று கேட்பார். "மாத்ரலு ஆபொத்தய்யா" என்றார், மாத்திரையை நிறுத்திவிடாதே என்று. தலையை ஆட்டினேன். உன்னிடம் அவர் கொன்றார் என்று சொன்னவன், அவரிடம் அவள் உயிரோடு இருக்கிறாள் என்று சொன்னேன். புத்தூரில் அவர் இறங்கும்வரை அந்த ஜன்னல் பக்கம் நான் திரும்பவில்லை. பிறகு அவரை வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்கள். மன்னிப்புக் கேட்கத் தேடிப் போகவும் எனக்குத் துணிவில்லை.

இப்போது நீ கேட்பாய், சரி நைனா, உன் உடம்பு எப்படி என்று. எனக்கும் ரத்தக் கொதிப்புதான், வெகு நாளாக. தினமும் மாத்திரை சாப்பிடுகிறேன். சிரிக்காதே. உன்னை மாத்திரைக்கு விரோதியாக்கிவிட்டு நான் சாப்பிட்டு உயிரோடு இருக்கிறேன். ஆணியில் தொங்குகிற பழைய கண்டக்டர் பையில்தான் டப்பா இருக்கிறது. நீ ஊருக்கு வரும்போதெல்லாம் அதை நீ பார்த்துவிடுவாயோ என்று பயந்து அந்தந்த நாளில் போடாமல் விட்டுவிடுவேன். போன பொங்கலுக்கு நீ ஒரு வாரம் தங்கினாய். கிணற்றடியில் நான் தலை சுற்றி விழுந்தேன். நீ தூக்கி உட்கார வைத்துச் சோடா வாங்கி வந்தாய். வெயில் என்றேன். தை மாசத்தில் என்னடா வெயில்? நீ கிளம்பின பிறகு டாக்டரிடம் போனேன். விட்டுவிட்டுச் சாப்பிட்டால் கொதிப்பு துள்ளி எழும், அன்றைக்கே பக்கவாதம் வந்து வாய் கோணியிருக்கும் என்று திட்டினார். விட்டதைச் சேர்த்துப் போடலாமா என்று மட்டும் நான் கேட்கவில்லை. அதன் பதில் எனக்குத் தெரியும்.

உனக்குச் சொல்ல வேண்டியதெல்லாம் உங்கம்மா சாவிலேயே இருக்கிறது, தனியாக நான் என்ன புத்தி சொல்ல? எந்த டாக்டரிடம் போனாலும் வாயில் போடுகிற எல்லாவற்றையும் டப்பாவோடு கொண்டுபோய் மேஜையில் கொட்டு. பச்சிலை, கஷாயம், தலைவலிக்குச் சிநேகிதன் கொடுத்தது எதுவானாலும் மறைக்காதே. கோபித்துக்கொள்வார் என்று நினைத்தால் கோபித்துக்கொள்ளட்டும். மாத்திரையை நிறத்தை வைத்தோ டப்பாவை வைத்தோ அடையாளம் வைக்காதே, உள்ளே இருக்கிற மருந்தின் பேர் என்ன என்று கேட்டுத் தெரிந்துகொள். அது என்ன செய்யும், எது நடந்தால் ஓடி வர வேண்டும் என்று அவர் சொல்லும்போது என்னைப் போல நிற்காதே, காதைக் கொடு. ஒரு வேளை விட்டுப்போனால் அடுத்த வேளை ரெண்டாகப் போடாதே, என்ன செய்வதென்று அவரையே கேள். உடம்பு தேறிவிட்டது என்று நீயாக நிறுத்தாதே. மாத்திரை ஒத்துக்கொள்ளாமல் தலை சுற்றினாலோ வேறு என்ன செய்தாலோ அதையும் அவரிடமே போய்ச் சொல், மாற்றித் தருவார். சரோஜாவையும் கூடக் கூட்டிப் போ. அவள் ஏதாவது சொல்ல வாயைத் திறந்தால் நடுவில் முந்திக்கொண்டு பேசாதே. அன்றைக்குத் திருத்தணியில் உங்கம்மா சொல்ல வந்ததை நான் சொல்ல விட்டிருந்தால், உன் பிள்ளைகளுக்கு ஒரு பாட்டி இருந்திருப்பாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை சித்தூர் பஸ்ஸில் பெங்களூர் வருகிறேன். கண்டக்டர் பையில் என் டப்பாவை எடுத்து வருகிறேன். இனி அதை ஒளிக்கப் போவதில்லை, உன் எதிரிலேயே போட்டுக்கொள்வேன். என்னை அழைத்துப் போக நீ பஸ் ஸ்டாண்டுக்கு வருவாயா என்று எனக்குத் தெரியாது. இதைப் படித்த பிறகு என் முகத்தில் விழிக்கப் பிடிக்காமல் போனால் அது நியாயம்தான், நான் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பிவிடுவேன். வர மனமில்லை என்றால் வர வேண்டாம், தம்பி. மாத்திரையைப் போட்டுக்கொண்டு, அப்புறம் வராமல் இரு.

நைனா